மென்னோ கையெழுத்திட்ட விளக்கு

என் அக்கா ஃபென்னா போன பிப்ரவரியில் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்தாள். திரும்பி வரும் வழியில் முன்விளக்கு சட்டென்று அணைந்துவிட்டது. வளைவு எது, கரை எது என்று தெரியாமல் நேரே போய்விட்டாள். இடுப்பளவு தண்ணீர், அதற்கடியில் முழங்காலளவு சேறு. மறுநாள் என்னிடம் சொன்னபோது, கை சுளுக்கிக்கொண்டதை அவள் முதலில் சொல்லவில்லை. ரொட்டி டப்பா மிதந்து போய்விட்டது என்பதைத்தான் சொன்னாள்.

டப்பாவுக்காக அவள் வருந்தியதில் ஆச்சரியமில்லை. ரூல்ஃப் அத்தான் மூன்று வருடமாகப் பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். நினைவு போய்விட்டது. என்னைப் பார்த்தால் கால்நடை வைத்தியர் என்று நினைத்துக்கொண்டு, மாட்டுக்கு ஒன்றுமில்லை, நீங்கள் கிளம்பலாம் என்பார். அங்கே வேலை பார்க்கும் பெண்கள் நல்லவர்கள்தான். ஆனால் அவர்கள் ரொட்டியை நீட்டினால் வாயை இறுக மூடிக்கொள்வார். அக்கா வீட்டிலேயே வெண்ணெய் தடவி, சீஸ் வைத்து, விரல் அகலத்துக்கு நறுக்கிக் கொண்டுபோய்த் தன் கையால் கொடுத்தால் மட்டும் வாய் திறக்கும். இரண்டு ரொட்டி உள்ளே போனால் நல்ல நாள். அதற்காக அவள் தினமும் நாலு மணிக்குக் கிளம்பி ஆறு கிலோமீட்டர் மிதிக்கிறாள். ஆறு மணிக்கு அங்கிருந்து திரும்புகிறாள். பஸ்ஸை நிறுத்தி இரண்டு வருடமாகிறது. கார் அவளிடமும் கிடையாது, என்னிடமும் கிடையாது.

கோடையில் ஒன்றும் பிரச்சினையில்லை, பத்து மணி வரை வெளிச்சம். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவோம். அதன் பிறகு ஆறு மணி என்றால் கும்மிருட்டு. இதை முன்கூட்டியே யோசித்தவள் அக்காவின் மகள் லீஸ்பெத். க்ரோனிங்கன் நகரத்தில் வேலை, ஞாயிறுதோறும் காரில் வந்து அம்மாவை அப்பாவிடம் அழைத்துப்போவாள். செப்டம்பரில் ஒரு ஞாயிறு, அக்கா வீட்டுச் சமையலறையில், ஆளுக்கு ஒரு காபி ஒரு பிஸ்கட் ஆனதும் பேச்சை எடுத்தாள்.

"கடிகாரம் மாத்துற வரைக்கும்தாம்மா. அதுக்கப்புறம் சைக்கிள் கிடையாது. ஞாயித்துக்கிழமை நான் கூட்டிட்டுப் போறேன்ல?"

"மத்த ஆறு நாளும் உங்கப்பா காத்தைக் குடிச்சுட்டு இருப்பாரா?"

"அங்க ஊட்டுறதுக்கு ஆள் இருக்காங்கம்மா."

"ஊட்டுறதுக்கு இருக்காங்க. திங்கிறதுக்குத்தான் ஆள் இல்ல."

லீஸ்பெத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கோபத்தில் கலங்கியதா, பயத்தில் கலங்கியதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும். அம்மா சேற்றில் நின்ற அந்த அரைமணி நேரத்தை அவள் மறக்கவே இல்லை.

மின்சார சைக்கிள் வாங்கலாம் என்றாள். விழுந்தால் என்னால் தூக்க முடியாத வண்டி எனக்கு எதற்கு என்றாள் அக்கா. டைனமோ வைக்கலாம் என்றேன் நான். கடைசிச் சரளைப் பாதையில் நான் இறங்கித் தள்ளிக்கொண்டு வருகிறேன், சக்கரம் மெதுவாகச் சுற்றினால் அது மினுக்கிவிட்டுச் செத்துவிடும், அங்கேதானே வளைவே இருக்கிறது என்றாள் அக்கா. அதுவும் சரிதான். ஆக, பேட்டரி விளக்குதான். நல்ல பேட்டரி விளக்கு எது என்பதுதான் கேள்வி.

லீஸ்பெத் என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, நீங்க எழுதிக் குடுங்க. இந்த விளக்கு அணையாதுன்னு நீங்க பரிசோதிச்சுக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"இவனா? சூப்புல உப்பு இருக்கான்னு கேட்டாலே தராசு எடுத்துட்டு வருவான்," என்றாள் அக்கா. "சரி, போடட்டும்."

நான் பால் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் முப்பத்துநாலு வருடம் கொழுப்பு அளந்தவன். அளக்காத ஒன்றுக்கு ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை. இதை நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன், அதனால் என்னைக் கல்யாண வீடுகளுக்கு அதிகம் கூப்பிடுவதில்லை.

ஆறு விளக்கு வாங்கினேன். எண் ஒட்டினேன். அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதை நான் படிக்கவில்லை என்று சொன்னால் பொய். படித்தேன், எரிச்சல்பட்டேன். "முப்பது மணி நேரம்" என்று போட்டிருக்கும். எப்படி முப்பது? மினுக்கி மினுக்கி எரிந்தால் முப்பது. எங்கள் நாட்டில் மினுக்குகிற விளக்கு சட்டப்படி செல்லாது, போலீஸ்காரர் நிறுத்திவிடுவார். நின்று எரிந்தால் எவ்வளவு என்பதைப் பெட்டியின் அடியில், எறும்பு படிக்கிற எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் ஜன்னல் மேடையில் வரிசையாக வைத்து எரியவிட்டு, கால்மணிக்கு ஒருமுறை பார்த்து எழுதினேன். ஒன்றாம் எண் இரண்டு மணி நேரத்தில் படுத்தது, எச்சரிக்கையே இல்லாமல். அக்காவை வாய்க்காலில் தள்ளிய சாதி. மூன்றாம் எண் எதிரில் வருபவன் கண்ணைக் குருடாக்கும், தரையில் ஒன்றும் விழாது. ஐந்தாவது ஒரு வாளித் தண்ணீரில் குமிழி விட்டது. ஆறாவதைப் பட்டாணிப் பொட்டலங்களோடு ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்தேன், காலையில் இருபது நிமிடம் எரிந்துவிட்டு ஓய்ந்தது. மிச்சம் இருந்தவை இரண்டாம் எண்ணும் நான்காம் எண்ணும். இரண்டையும் என் சைக்கிளில் மாட்டி, தேவாலயத்தைச் சுற்றியுள்ள கல் பாவிய தெருவில் நாற்பது முறை சுற்றினேன். பாதிரியார் ஜன்னலில் நின்று பார்த்தார்.

இரண்டாம் எண் கறுப்பு டப்பா. இரண்டு பென் பேட்டரி போடவேண்டும். வெளிச்சம் சுமார். பக்கவாட்டில் தள்ளுகிற சுவிட்ச், அதுவும் விடாப்பிடி, நகம் வலிக்க அழுத்தித் தள்ளினால்தான் நகரும். நான்காம் எண் அழகு. சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். வெளிச்சம் தரையில் கம்பளம் விரித்த மாதிரி விழும். மேலே ரப்பர் பொத்தான், கையுறையோடு தொட்டாலே போதும். முதல் அழுத்தலில் முழு வெளிச்சம், அப்படியே விட்டால் இரண்டேகால் மணி நேரம். இரண்டாம் அழுத்தலில் நடுத்தரம், ஐந்து மணி நேரம். தீர ஒரு மணி நேரம் இருக்கும்போது சிவப்புப் புள்ளி ஒன்று எரிந்து எச்சரிக்கும். அந்தப் புள்ளிக்காகவே எனக்கு அதைப் பிடித்துப்போயிற்று.

திரும்பும் வழி அரைமணி நேரம். ஞாயிறு காரில், மிச்ச ஆறு நாளுக்கு மூன்று மணி. ஞாயிறுதோறும் சார்ஜ் போட்டால் இரண்டு மணி மிச்சம். காகிதத்தில் எழுதினேன்: நான்காம் எண், நடுத்தர வெளிச்சம், ஞாயிறுதோறும் சார்ஜ், இப்படிப் பயன்படுத்தினால் வழியில் அணையாது. கீழே மென்னோ என்று என் பெயர், தேதி. லீஸ்பெத் அதைப் படமெடுத்துக்கொண்டாள். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினாள், வாயைத் திறக்கவில்லை.

அக்காவிடம் ஒரு நோட்டும் கொடுத்தேன். தேதி, கிளம்பிய நேரம், வீடு வந்த நேரம், சார்ஜ் போட்ட நாள்.

"இதுல நான் மூச்சு விட்ட நேரத்துக்கும் ஒரு கட்டம் போட்டுருக்கலாமே டா," என்றாள்.

நவம்பர் மூன்றாம் வாரம், பட்டாணி சூப் கொண்டுபோய்க் கொடுத்தபோது, நோட்டு மேஜைமேல் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். மறுபடி முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் விஷயம். ஆறு மணிக்குக் கிளம்பினாள், ஆறரைக்கு வந்தாள். மறுநாள் ஆறு, ஆறரை. அதற்கு மறுநாளும். இருபது நாள், ஒரே பேனா, ஒரே சாய்வு. ஆய்வுக்கூடத்தில் இப்படிப்பட்ட பக்கங்களை நான் எத்தனை பார்த்திருக்கிறேன். வாரம் முழுக்க அளக்காமல் இருந்துவிட்டு வெள்ளிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து நிரப்புகிறவன் எழுதுகிற எண்கள் இவை. நிஜமான பால் ஒருநாளும் அப்படி ஒழுங்காக இருக்காது. எதிர்க்காற்று அடிக்கிற எங்கள் ஊரில் நிஜமான சைக்கிளும் இருக்காது.

"அக்கா, இது நீயா உட்கார்ந்து எழுதினது."

"நான் எழுதாம பூனையா எழுதும்?"

"ஒரே நாள்ல எழுதினது. என்ன நடந்துச்சு சொல்லு."

சூப்பைக் கிளறிக்கொண்டே இருந்தாள். அது கிளறவேண்டிய சூப் அல்ல.

"அணைஞ்சுபோச்சு," என்றாள். "மூணு தடவை. மொத தடவை புதன்கிழமை. நீ சொன்ன மாதிரி ஞாயித்துக்கிழமைதான் சார்ஜ் போட்டேன். வெளிய வந்து மாட்டி அமுக்குறேன், செத்துக் கெடக்கு. அடுத்தது சனிக்கிழமை. அப்புறம் தினமும் ராத்திரி சார்ஜ் போட ஆரம்பிச்சேன், சரியாப்போச்சு. ஆனா போன வாரம் ஒருநாள் அவர் தூங்கிட்டார். எந்திரிக்கட்டும்னு உட்கார்ந்துட்டேன், மணி ஏழேகால் ஆச்சு. அன்னிக்கும் செத்துப்போச்சு."

"செத்துப்போனப்ப எப்படி வந்த?"

"தள்ளிட்டு நடந்து வந்தேன். வேற எப்படி வருவாங்க?"

"ஆறு கிலோமீட்டர்? இருட்டுல? வாய்க்கால் ஓரமா?"

"நடக்கக் கூடாதுன்னு உன் காகிதத்துல இருக்கா?"

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் வந்ததில் பாதிதான் நியாயமான கோபம். மிச்சப் பாதி என் கையெழுத்தைப் பற்றியது, வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அறுபத்தெட்டு வயதுப் பெண் இருட்டில் ஒன்றேகால் மணி நேரம் நடந்திருக்கிறாள், எனக்கோ இரண்டேகாலும் ஐந்தும் எங்கே தப்பாகப் போயின என்பதில் மனம் ஓடுகிறது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ காகிதத்தைக் கிழிப்ப. கிழிச்சா லீஸ்பெத் சைக்கிளை எடுத்துடுவா. அவருக்கு என் கைதான்டா தெரியும், முகம்கூடத் தெரியாது." சூப்பின் நெருப்பை அணைத்தாள். "இப்ப கிழிக்கப்போறியா?"

"மொதல்ல அளக்கணும்," என்றேன்.

மறுநாள் அவளோடு நானும் மிதித்தேன். இல்லத்தின் வாசலில் சைக்கிளை நிறுத்தினோம். அக்கா விளக்கைக் கழற்றிக் கோட்டுப் பாக்கெட்டில் போட்டாள். நானும் என்னுடையதைக் கழற்றிப் போட்டேன். யோசித்துச் செய்வதல்ல இது. எங்கள் நாட்டில் விளக்கை வண்டியிலேயே விட்டுப்போகிறவன், யாரோ ஒரு திருடனுக்கு விளக்கு வாங்கிக் கொடுக்கிறவன். ஐந்து வயதில் பழகியது, செத்தால்தான் விடும்.

உள்ளே அத்தான் என்னை வரவேற்று, மாடு சுகம், கிளம்பலாம் என்றார். அக்கா டப்பாவைத் திறந்தாள். ஒரு துண்டை அவர் உதட்டருகில் கொண்டுபோனாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, அவளுடைய விரல்களைப் பார்த்தார். வாய் திறந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது, இதில் மறைக்க ஒன்றுமில்லை.

ஆறு மணிக்கு அக்கா அவருடைய போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள், நான் முன்னாடியே கோட்டு எடுக்கப் போனேன். கோட்டு மாட்டுமிடம் கழிப்பறைக்கு எதிரே ஜன்னலில்லாத ஒரு மூலை. ஆள் அசைந்தால் விளக்கு எரியும், அசையாவிட்டால் அணையும், சிக்கனமான ஏற்பாடு. சுவரில் கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி ஒரு அறிவிப்பு. அதில் எழுத்துப்பிழை இருந்தது, நின்று படித்தேன். நான் அசையவில்லை போலிருக்கிறது. மேலே விளக்கு அணைந்தது.

இருட்டில் நான்கு பாக்கெட்டுகள் எரிந்துகொண்டிருந்தன.

கனத்த கம்பளிக் கோட்டுகள், நெருக்கியடித்து ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கின. நான்கு இடத்தில் துணி உள்ளிருந்து மங்கலாகச் சிவந்து தெரிந்தது. ஒன்று அக்காவுடையது. கையை விட்டு எடுத்தேன். நான்காம் எண், முழு வெளிச்சத்தில், சுடச்சுட. அந்த மென்மையான ரப்பர் பொத்தானைப் பக்கத்துக் கோட்டு அழுத்திக்கொண்டிருந்தது. அழுந்துகிற நாளிலெல்லாம் ஒன்றரை மணி நேரம். என் சிவப்புப் புள்ளி பாக்கெட்டுக்குள் யாரை எச்சரிக்கும்? எடுக்கும்போது எரிந்தால், எடுத்ததில் அழுந்திவிட்டது என்று நினைத்திருப்பாள். கையை அசைத்தேன், மேல் விளக்கு எரிந்தது, பாக்கெட்டுகள் சாதாரணமாகிவிட்டன. அந்த மூலையில் யாரும் அசையாமல் நிற்பதில்லை, அதனால் யாரும் பார்த்ததில்லை.

தண்ணீரில் போட்டேன், உறையவைத்தேன், கல்லில் குலுக்கினேன். பாக்கெட்டில் போட்டுப் பார்க்கவில்லை. வாழ்நாள் முழுக்க விளக்கைப் பாக்கெட்டில் போடுகிறவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை லீஸ்பெத் வந்தாள். இல்லத்தில் அக்கா அத்தானின் அறையில் இருக்கும்போது, நடைபாதையில் வைத்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் காகிதம் தப்பு என்றேன். மூன்று நாள் அக்கா இருட்டில் நடந்து வந்ததையும் சொன்னேன். அக்கா என்னை மன்னிக்கமாட்டாள் என்று தெரிந்துதான் சொன்னேன், தப்பான காகிதம் ஒன்று ஊரில் என் பெயரோடு இருக்க முடியாது.

லீஸ்பெத் முகம் வெளுத்துவிட்டது.

"நடந்து வந்தாங்களா? விழுந்திருந்தா யாருக்குத் தெரியும் மாமா? இதுக்குத்தான் நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேன். இன்னையோட முடிஞ்சுது. சைக்கிளை நான் கார்ல ஏத்திட்டுப் போறேன்."

"ஏத்து. அதுக்கு முன்னாடி இங்க வந்து ஒரு நிமிஷம் நில்லு. அசையாம நிக்கணும்."

"என்ன விளையாட்டு இது?"

"நில்லும்மா."

கோட்டுகளுக்கு எதிரே நின்றோம். விளக்கு அணைந்தது. அன்று மூன்று எரிந்தன.

"பாத்தியா? இதனாலதான் தீர்ந்துபோகுது. இதுல உங்கம்மா கோட்டு எது?"

"அதோ, அந்த ஓரத்துல எரியுதே," என்று கை நீட்டினாள். மேல் விளக்கு எரிந்தது. அவள் நீட்டிய விரலுக்கு நேரே ஒரு பச்சைக் கோட்டு தொங்கியது. அவளுடையது. நகரத்தில் வேலைக்கு மிதித்துப் போகும்போது போடுகிற கோட்டு.

பாக்கெட்டிலிருந்து விளக்கை எடுத்து அணைத்தாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"போன மாசம் இது ரெண்டு தடவை நடுவழியில அணைஞ்சுது," என்றாள் மெதுவாக. "கடைக்காரனைத் திட்டிட்டு வேற வாங்கணும்னு இருந்தேன்."

"நீ எப்படி வீட்டுக்குப் போன?"

"தள்ளிட்டு நடந்துதான்."

நான் சொல்லவேண்டியது எல்லாம் அவள் வாயாலேயே வந்துவிட்டது.

சைக்கிள் காரில் ஏறவில்லை. அன்று மாலை அக்கா வீட்டில் மறுபடி காபி, மறுபடி ஒரு பிஸ்கட். இரண்டாம் எண்ணை எடுத்துப்போயிருந்தேன். எந்தச் சுவிட்சை விடாப்பிடி என்று ஒதுக்கினேனோ, அதை எந்தக் கோட்டும் தள்ள முடியாது. மேஜைமேல் வைத்து விளக்கினேன். அக்கா நகத்தால் தள்ளிப் பார்த்து முகம் சுளித்தாள். பிறகு எழுந்து போய், பெப்பர்மின்ட் மிட்டாய் வந்த ஒரு பழைய தகர டப்பாவை எடுத்துவந்து, நான்காம் எண்ணை அதற்குள் வைத்து மூடினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. தகரத்தை அழுத்தினாள், பொத்தான்மேல் ஒன்றும் படவில்லை.

"முப்பத்துநாலு வருஷம் லேப்ல இருந்தான்," என்றாள் மகளிடம். "ஒரு டப்பா தோணல."

"கறுப்பு விளக்கு வண்டியில இருக்கட்டும், அழகு விளக்கு டப்பாவில இருக்கட்டும்," என்றேன். "ஒண்ணு போனா இன்னொண்ணு. புதுக் காகிதம் எழுதட்டுமா?"

லீஸ்பெத் மறுத்துத் தலையசைத்தாள். "கையெழுத்து வேண்டாம் மாமா. அணையவே அணையாதுன்னு இனி உங்களால எழுத முடியாது, எனக்கும் அது தெரியும். நோட்டு எழுதட்டும், வாராவாரம் எனக்கு அனுப்புங்க." அம்மாவைப் பார்த்தாள். "நிஜ நோட்டும்மா."

அக்கா என்னோடு பத்து நாள் பேசவில்லை. நோட்டு மட்டும் வந்துகொண்டிருந்தது. ஆறு மணி ஏழு நிமிடத்துக்குக் கிளம்பி ஆறு நாற்பத்தொன்றுக்கு வீடு. ஐந்து ஐம்பத்தெட்டுக்குக் கிளம்பி ஆறு இருபத்தாறு, பின்காற்று. ஒருநாள் பென்சில், ஒருநாள் வெண்ணெய்க் கறை. எண்கள் ஒன்றோடொன்று ஒட்டவேயில்லை, பார்க்க அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

டிசம்பர் பத்தொன்பதாம் தேதிக் கட்டத்தில் இப்படி எழுதியிருந்தாள்: "கறுப்பு அணைந்தது, வளைவுக்குச் சற்று முன்னால். பேட்டரி தீர்ந்துபோயிற்று, மாற்ற மறந்துவிட்டேன். டப்பாவிலிருந்து மற்றதை எடுத்து மாட்டினேன். இரண்டு நிமிடம். அவர் இன்று மூன்று ரொட்டி."

ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் லீஸ்பெத்துக்கு அனுப்பினேன். விளக்கு அணைந்ததைப் பற்றி என்ன சொல்லப்போகிறாளோ என்று போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கால்மணி நேரம் கழித்துப் பதில் வந்தது.

"மூணா?"